முச்சந்தியில் கொட்டிய சக்கை

எங்கள் மருந்துக் கடையின் பின்சுவர் முழுக்க இழுப்பறைகள்தான். தரையிலிருந்து கூரை வரை, எண்ணினால் நூற்றி எழுபத்தாறு. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நான்கு தடுப்புகள். எதன்மேலும் பெயர் எழுதியிருக்காது. "எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். கையைப் பின்னால் நீட்டினால் சுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும்.

பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஜாங்ஷூ ஊரில் நியே லிங்ஹுவா என்ற என் பெயரைக் கேட்டால் எந்த டாக்டருக்கும் கொஞ்சம் உதறல் எடுக்கும். மருந்துச் சீட்டில் அளவு கூடியிருந்தால் திருப்பி அனுப்புவேன். எழுத்து புரியவில்லை என்றால் திருப்பி அனுப்புவேன். சேரக்கூடாத இரண்டு சரக்குகள் சேர்ந்திருந்தால், நானே சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, நோயாளிகள் எதிரிலேயே கேட்பேன்.

அப்படிச் சேரக்கூடாதவை என்று எங்கள் தொழிலில் பதினெட்டு உண்டு. கடையில் சேர்ந்த முதல் மாதமே பாட்டாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள். இன்றும் பாத்திரம் கழுவும்போது வாய் அதைத்தான் முணுமுணுக்கும். அந்தப் பதினெட்டில் ஒரு ஜோடி ஒரே சீட்டில் வந்தால் நாங்கள் நிறுக்கக் கூடாது. சீட்டு டாக்டரிடமே திரும்பிப் போகும். தெரிந்துதான் எழுதினேன் என்று அவர் நினைத்தால், அந்தச் சரக்கின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு முறை கையெழுத்துப் போட வேண்டும். சீட்டின் அடியில் ஒன்று, சரக்கின் பக்கத்தில் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அசடு வழிந்துகொண்டு ஒரு பெயரை அடித்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் நான் அந்த இரண்டாவது கையெழுத்தை மூன்றே நோயாளிகளுக்குத்தான் பார்த்திருக்கிறேன். மூன்றாமவர் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் கன்ஷெங். கான் ஆற்றில் பாரப் படகு ஓட்டியவர். அந்த வருஷம் இலை உதிரும் காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பாதம் இரண்டும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி ஜில்லென்று இருக்கும். படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு மாதமாக மனிதர் படுக்கவே இல்லை. துணி அலமாரியில் சாய்ந்து, கழுத்துவரை ரஜாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் காலை மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் சூடாகும், கால் சூடாகாது. மாகாணத் தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் வடிந்தது, மறுபடி ஏறியது. அடுத்த முறை போனபோது அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வசந்தம் வரைக்கும் என்று ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். சொல்லாமல் விட்டதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் வைத்தியசாலைக்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு பெண் டாக்டர் வந்திருந்தாள். யி ச்சியூபிங் என்று பெயர். முப்பத்து மூன்று வயது, ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய முடி. எப்போது பார்த்தாலும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருப்பாள். எழுத்தோ கோழிக் கிறுக்கல். அவள் சீட்டைப் பதினோரு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டி வந்து, படித்துக் காட்டிவிட்டுப் போவாள். எனக்கு அவளைப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும்.

அவளிடம்தான் போனார் என் வீட்டுக்காரர். நான் கடையில் இருக்கும்போது, பக்கத்து வீட்டு லுவோவின் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் வண்டி வந்து நின்றது. லுவோ சீட்டை நீட்டினான்.

"நியே அக்கா, உங்க வீட்டுக்காரர் குடுக்கச் சொன்னாரு. அவரு இறங்க மாட்டாராம், உங்க மூஞ்சியப் பாக்க பயமா இருக்குதாம்."

ஒன்பது சரக்குகள். லவங்கக் குச்சி, பைன் வேர்க் காளான், ஆரஞ்சுத் தோல், சுக்கு, இலந்தை, அதிமதுரம், இன்னும் ஒன்று. இதுவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நிறுப்பேன். எட்டாவது, பாதிக்கோடை. கோடையின் நடுவில் தோண்டுகிற சின்ன வெள்ளைக் கிழங்கு. ஒன்பதாவது, நாவி.

நாவி என்றால் விஷக் கிழங்கு. பக்குவம் செய்து, சீவி, கறுத்த வில்லைகளாகத்தான் எங்களுக்கு வரும். அப்படி வந்தபிறகும் அதை முதலில் தனியாக, நெடுநேரம் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். நாவியும் பாதிக்கோடையும் பதினெட்டில் ஒரு ஜோடி.

எதிர் வரிசை வைத்தியசாலைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. போய் நின்றேன்.

"டாக்டர், இத நீங்க எழுதினீங்களா, கோழி எழுதிச்சா?"

"நான்தான் அக்கா. எந்த இடம் புரியல?"

"எல்லா இடமும் புரியுது, அதான் வந்தேன். ரெண்டு எதிரிய ஒரே பானையில போடச் சொல்றீங்களே, உங்க காலேஜ்ல பதினெட்டுப் பாட்டு சொல்லித்தரலையா?"

"சொல்லித்தந்தாங்க."

"அப்ப அடிங்க ஒண்ண."

அவள் அடிக்கவில்லை. கிழங்கைக் கீழே வைத்தாள், விரலைத் துடைத்துக்கொண்டாள், சீட்டை வாங்கி யாரோ எழுதியதைப் படிப்பதுபோல முதலிலிருந்து படித்தாள். வெளியே வண்டியில் இருந்து என் வீட்டுக்காரர் இருமுவது கேட்டது.

"அக்கா, அவருக்கு உள்ள தண்ணி கட்டிக் கிடக்கு. அத வடிக்கப் பாதிக்கோடை வேணும். ஆனா அடியில அடுப்பே அணைஞ்சு போச்சு, அத மூட்ட நாவி வேணும். தீ இல்லாம தண்ணி எங்க வத்தும்? ஒண்ண விட்டா மத்தது வேலைக்காகாது. ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சேன்."

"ரெண்டு நாளா? அப்ப இன்னிக்கு முதல் தடவ இல்லையா?"

"மூணாவது தடவ. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரு."

"ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அதுக்குத்தான அக்கா கையெழுத்து."

பேனாவை எடுத்தாள். அடியில் இருந்தது வழக்கமான கிறுக்கல். நாவியின் பக்கத்தில் போட்டாளே, அது பள்ளிப் பிள்ளை பரீட்சையில் எழுதுவதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது. யி ச்சியூபிங். ஒரு கோடு பிசகவில்லை. அவளுக்கு இப்படியும் எழுத வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்தாதீங்க. நாலாம் நாள் நானே வீட்டுக்கு வந்து பாக்கிறேன்," என்றாள்.

ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம் நிறுத்தேன். நாவியை மட்டும் தனிச் சின்னப் பொட்டலமாக மடித்து, முதலில் கொதிக்கவைக்க வேண்டியது என்று எழுதி, ஒவ்வொன்றுக்குள்ளும் வைத்தேன். சரிபார்க்கிற காங் அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரருக்கா? நல்லா யோசிச்சியா?" என்றார். "நிறுக்கிறது என் வேலை, யோசிக்கிறது எதிர் வரிசைக்காரி வேலை," என்றேன். சீட்டின் அடியில் என் பெயரை எழுதினேன். எழுதியிருப்பது எல்லாம் எழுதியபடியே போய்ச் சேரும் என்று அர்த்தம்.

போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்து, அடுப்பில் மண்பானையை வைத்து, முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தச் சின்னப் பொட்டலம் கையில் வந்தது. பதினாறு வருஷம் முன்பு இதே மாதிரி ஒன்றை ஒரு செங்கல் சூளைக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தேன். முழங்கால் வலி. நெடுநேரம் கொதிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன், பொட்டலத்தின்மேல் எழுதியும் கொடுத்தேன். சூளையில் வேலை நெருக்கடி, டீ போடுவதுபோல் போட்டுக் குடித்துவிட்டார். சாயங்காலம் அவர் மனைவி பானையோடு கடைக்கு வந்து, "இதுல என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். நாக்கு மரத்துப்போகுதுன்னு சொன்னாராம், அப்புறம் உதடு, அப்புறம் ஒன்றும் சொல்லவில்லையாம். என்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அளவு சரி, எழுத்து சரி. ஆனால் நிறுத்தது இந்தக் கைதானே.

சின்னப் பொட்டலத்தைத் தையல் மிஷின் இழுப்பறையில் போட்டு மூடினேன். மீதி எட்டையும் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு, "உன் கையால விஷம் குடிக்கணும்னு கல்யாணத்தன்னிக்கே நினைச்சேன்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சக்கையைத் தெருமுனை முச்சந்தியில் கொட்டினேன். எங்கள் ஊரில் அப்படித்தான். போகிற வருகிறவர்கள் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு நாலு திசையும் போய்க் கரைந்துவிடும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, எல்லார் வீட்டிலும்தான் நோய் வருகிறது. ஒரு திருட்டைச் செய்தவள் தடயத்தைக் குப்பைக்குழியில் அல்லவா புதைக்க வேண்டும்? எனக்கு அது தோன்றவே இல்லை. சக்கையை வீட்டோரம் வைத்தால் நோய் வீட்டிலேயே தங்கிவிடுமே என்று கால் தானாக முச்சந்திக்குப் போனது. மூன்று நாளும் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர், "தபால்காரன் சைக்கிள் ஏறிருச்சு. என் கால்வீக்கம் இந்நேரம் தபாலாபீஸ் போயிருக்கும்," என்பார்.

வீக்கம் எங்கும் போகவில்லை. முழங்காலைத் தாண்டி மேலே வந்தது. மூன்றாம் நாள் அவர் கிண்டல் செய்வதையும் நிறுத்திவிட்டார். நானோ, பார்த்தாயா, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசு எவ்வளவு கேவலமான வேலையெல்லாம் செய்கிறது பாருங்கள்.

நாலாம் நாள் மதியம் டாக்டர் யி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அவர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். வலது கையில் வைத்தாள், இடது கையில் வைத்தாள், மறுபடி வலது கை.

"அக்கா, கஷாயம் ஒழுங்காக் குடிக்கிறாரா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல."

"எழுதினபடியே போட்டீங்களா?"

"எனக்கு நீங்க கஷாயம் வைக்கச் சொல்லித்தரணுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஒரு தட்டும் ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சியும் தாங்க," என்றாள். சாப்பிடத்தான் கேட்கிறாளோ என்று நினைத்து, உள்ளே திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேரே முச்சந்திக்குப் போய், நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். மூன்று நாள் சக்கை அது. முதல் நாள் மழையில் ஊறியது, அதன்மேல் வண்டிச் சக்கரம், செருப்பு, வாத்துக் கூட்டம், எல்லாம் ஏறி இறங்கி, சேறும் சக்கையும் ஒன்றாகி ஒரே கறுப்புக் கூழாகக் கிடந்தது. அவள் குச்சியால் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். வரிசையாக, இனம் இனமாக.

"என்னம்மா தொலைச்சீங்க, மோதிரமா?" என்று தோஃபு விற்கிற மாமி கேட்டாள்.

"நான் எழுதினதத் தேடுறேன் மாமி."

காய்ந்த சரக்கை விரல்நுனியால் தடவியே பெயர் சொல்கிறவள் நான். ஆனால் வெந்து, நிறம் போய், மணம் போய், நசுங்கிப்போன பிறகு? எனக்கே அதில் பாதி தெரிந்திருக்காது. அவள் குச்சி தயங்கவே இல்லை. ஒரு நார்த் துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள், லவங்கக் குச்சி. ஒரு சவ்வை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள், ஆரஞ்சுத் தோல். காளான் கட்டி கரைந்து வெறும் வெள்ளைப் பிசுக்காக இருந்தது. அதையும் கண்டுபிடித்தாள். "இது நேத்தையது, அவசரமா இறக்கிட்டாங்க. இது முதல் நாளுது, இது நல்லா வெந்திருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு இடத்தில் நின்று, இரண்டு மூன்று துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

"இது வேற வீட்டுது. லோக்குவாட் இலை, வாதுமைப் பருப்பு. யார் வீட்லயோ குழந்தைக்கு இருமல். ராத்திரியில அதிகமா இருக்கும், இல்ல?"

தோஃபு மாமி வாயைத் திறந்தபடி நின்றாள். "எங்க பேத்திக்குத்தாம்மா," என்றாள் மெதுவாக. காலை ஊன்றினால் எதையாவது மிதித்துவிடுவோமோ என்று எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். தினம் மிதித்துப் போகிற சக்கையில் ஒவ்வொரு வீடும் தன் கதையை எழுதிப் போட்டிருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் பயத்தில் நின்றேன். ஆனால் பயத்துக்குமேல் ஒன்று இருந்தது. கோயிலுக்குள் நுழைந்ததும் குரல் தானாக அடங்குமே, அது.

தட்டில் எட்டுக் குவியல்.

"ஒன்பது எழுதினேன்," என்றாள் நிமிராமல்.

"கோழி கொத்திட்டுப் போயிருக்கும்," என்றேன். என் வாய் அப்படிப்பட்டது.

"நாவியத் தனியா வேகவைக்காம கொட்டியிருந்தா, தின்ன கோழி இந்நேரம் மல்லாந்து கிடக்கணும் அக்கா. வேகவச்சுக் கொட்டியிருந்தா, ஒரு துண்டாவது மிச்சம் இருக்கும். தடிச்ச வில்ல அது, கரையாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒருவர் பின்னால் அப்படி நடந்ததில்லை.

உள்ளே போனதும் கேட்பதற்கு முன்பே தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து, மூன்று சின்னப் பொட்டலங்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவ நாடியிலேயே கண்டுபிடிச்சிட்டா, தெரியுமா?" என்றார். "விரல வச்ச உடனே மூஞ்சி மாறிச்சு. நாந்தான் செத்துக்கிட்டிருக்கேனோன்னு பயந்துட்டேன்."

"சூளைக்காரர் ஞாபகம் வந்துச்சு," என்றேன். கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. "உனக்கும் அப்படி ஆயிட்டா நான் அந்தக் கடைக்கு எப்படிய்யா திரும்பப் போவேன்?"

"அடியே, குடிக்கிற வாய் என்னோடது. என்னக் கேட்டிருக்கலாம்ல?"

டாக்டர் யி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

"பயப்பட்டது தப்பில்ல அக்கா. அத எழுதும்போது எனக்கும் பயம்தான். அதனாலதான் ரெண்டு தடவ எழுதச் சொல்லியிருக்காங்க. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டீங்க. போடாமயே திருப்பியிருந்தீங்கன்னா நான் வேற வழி பாத்திருப்பேன். இப்ப மூணு நாள் போச்சு. அவருகிட்ட மூணு நாள் சும்மா குடுக்க இல்ல."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது.

"இப்ப வைங்க. நான் இருக்கேன்," என்றாள்.

கறுப்பு வில்லைகளைத் தனியாக மண்பானையில் போட்டேன். நடுவில் பச்சைத்தண்ணீர் சேர்க்கக்கூடாது என்பதால் முதலிலேயே நிறைய ஊற்றினேன். மூன்று பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவள் எழுந்து ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள்.

"நான் எழுதினவ. முதல்ல நான்."

"நிறுத்தவ நான். முதல்ல நான்," என்று கரண்டியைப் பிடுங்கினேன்.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்றார் அலமாரியில் சாய்ந்திருந்தவர்.

ஆளுக்கு ஒரு வாய். பிறகு காத்திருந்தோம். நாக்கு மரக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூளைக்காரரின் நாக்கு எப்படி மரத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே என் நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் முறை இதை நிறுத்திருப்பேன், ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. கசக்கும், எரிக்கும் என்று நினைத்திருந்தேன். சேப்பங்கிழங்கு வேகவைத்த தண்ணீர் மாதிரி சப்பென்று, லேசாக இனிப்பாக இருந்தது. அரை மணி ஆனது. நாக்கு நாக்காகவே இருந்தது. ஒரு மனிதனைக் கொன்ற அதே கிழங்கு. நெருப்பு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு, இப்படிச் சாதுவாக என் வாய்க்குள் இருக்கிறது. இதை முதன்முதலில் வேகவைத்து, முதன்முதலில் வாயில் வைத்து, அரை மணி காத்திருந்தவன் எவனோ, அவன் தைரியத்தை நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் பெயர் எங்கும் இல்லை. எங்கள் இழுப்பறைகள்மேல் பெயர் இல்லாததுபோல.

மீதி எட்டையும் சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்கினேன். அவர் குடித்தார். டாக்டர் யி பழைய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். வரும் வழியிலேயே கடைக்குப் போய்க் காங் அண்ணனிடம் வாங்கி வந்திருக்கிறாள். மேஜைமேல் விரித்து, பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"உங்க பேருக்குப் பக்கத்துல."

"நிறுக்கிறவங்க ரெண்டு தடவ போடுற வழக்கம் எங்கயும் இல்லையே."

"இல்லதான். இன்னிக்குப் போடுங்க."

என் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். என்னை அறியாமல் நிதானமாக, ஒரு கோடு பிசகாமல் எழுதினேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் நானே வைத்துக் கொடுத்தேன். தினமும் இரண்டு மணி நேரம், தினமும் என் நாக்கில் ஒரு வாய், அரை மணி காத்திருத்தல். சக்கையை முச்சந்தியில் கொட்டும்போது கறுப்பு வில்லைகளை மேலாகப் பரப்பிவிட்டு வந்தேன். போகிற வழியில் அவள் சைக்கிள் அங்கே ஒரு நிமிஷம் நிற்பதைக் கடையிலிருந்து பார்ப்பேன். நின்று, குனிந்து, போகும். நாலாம் நாள் அடுத்த ஏழுக்குச் சீட்டு எழுதினாள். மறுபடி நாவியின் பக்கத்தில் அந்தத் தெளிவான கையெழுத்து. நான் திருப்பி அனுப்பாமல் நிறுத்தேன். காங் அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த ஏழில் ஐந்தாம் நாள் மதியம், சாப்பாட்டுக்காக வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். அலமாரி முன்னால் ரஜாய் இல்லை. அவர் இல்லை.

கட்டிலைப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தார்.

இரண்டரை மாதமாகப் படுக்காத மனிதர். கண் மூடியிருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கையில் இருந்த காய்கறிப் பை எங்கே விழுந்தது என்று தெரியாது. நான்தான், என் கைதான் என்று ஒரே நினைப்பு. கட்டிலின் கால்பக்கம்தான் கிட்ட இருந்தது. ரஜாய்க்குள் இரண்டு கையையும் விட்டு அவர் பாதத்தைப் பிடித்தேன்.

சூடாக இருந்தது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கையில் வாங்கினதுபோல அவ்வளவு சூடு.

அவர் உதறிக்கொண்டு காலை இழுத்தார்.

"கைய எடுடி," என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஐஸ் மாதிரி இருக்கு."